பனிக்கட்டி ஏறிய கப்பல் முதல் பட்டர்வொர்த் துறைமுகம் வரை

 

பரிசளிப்பு விழா மலரில் சரித்திரக் கட்டுரை என்றதும் இராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதையைத்தான் எல்லாரும் எதிர்பார்ப்பீர்கள். நல்ல கதைதான். கடாரமும் நமக்குத் தூரமில்லை. ஆனால் இந்த ஆண்டு வேறு வகைக் கப்பல்களைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். இதிலே அரசர் இல்லை, படை இல்லை. ஆட்டுக்கறி, வெங்காயம், இறால், டுரியான் இவைதான் வருகின்றன. கதை கடைசியில் வந்து சேருகிற இடமும் உங்கள் வீட்டு அடுப்பங்கரைதான்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பட்டர்வொர்த் போகும் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கொள்கலன் ஏற்றிய நீண்ட லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அவற்றிலே சில பெட்டிகள் மட்டும் வெள்ளையாக இருக்கும். முகப்பிலே ஒரு இயந்திரம் பொருத்தியிருக்கும். பிள்ளைகள் அதை 'ஐஸ் லோரி' என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் நியூசிலாந்து ஆட்டுக்கறி இருக்கலாம், இந்தியாவின் எருமைக்கறி இருக்கலாம், சீனத்துப் பூண்டு இருக்கலாம். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியாக இருந்தால் நம் நாட்டு இறாலோ டுரியானோ இருக்கலாம். நம்ம வீட்டிலே காலையில் வாங்கிய மீன் சாயங்காலத்துக்குள் நாறிவிடுகிறது. அப்படியிருக்க, வாரக்கணக்கில் கடலிலே மிதந்து வரும் கறி எப்படி வாங்கியபடியே இருக்கிறது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குளிர் என்று ஒரு பொருள் கிடையாது. அரிசியைப் போலக் கோணிப்பையிலே கட்டி அனுப்ப முடியாது. ஒரு பொருளிலிருந்து சூட்டை எடுத்து வெளியே தள்ளினால் மிஞ்சுவதுதான் குளிர். தள்ளிய சூடு சும்மா இருக்காது. சுவர் வழியாக, கதவு இடுக்கு வழியாகத் திரும்பவும் உள்ளே வரப் பார்க்கும். ஆகவே சரக்கு புறப்பட்ட நேரத்திலிருந்து சட்டியில் விழும் நேரம் வரை யாராவது ஒருவர் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவிலே ஒரு நாள் அசந்தால், அதற்கு முந்தைய முப்பது நாள் உழைப்பும் போச்சு.

இந்த வித்தை தெரியாத காலத்திலே கடல் கடந்த உணவு எப்படிப்பட்டது? நம் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். நம் தாத்தா பாட்டிமார் பலர் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கிலே இறங்கினார்கள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் முகத்திலே இன்றும் ஒரு வெளிச்சம் தெரியும். 5,000-க்கும் அதிகமான மேல்தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற கப்பல் அது. 1973 வரை ஓடியது. பிறகு வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிக் கப்பல் காலமே முடிந்தது. அக்காலத்திலே தமிழ்நாட்டிலிருந்து நமக்கு வந்த சாமான்களை எண்ணிப் பாருங்கள்: மிளகாய், மல்லி, புளி, பருப்பு, கருவாடு, வெங்காயம். வெங்காயத்தைத் தவிர மற்றதெல்லாம் காய்ந்தவை. ஈரம் போன பொருளிலே கிருமிக்கு வேலை இல்லை. அதனாலே அவை மட்டும் கடல் தாண்டின.

வெங்காயம் ஒரு தனிப்பிறவி. மூட்டைக்குள்ளேயும் அது உயிரோடுதான் இருக்கிறது; மூச்சு விடுகிறது, சூடு கக்குகிறது. காற்றோட்டம் இல்லாமல் அடைத்தால் வேர்த்து முளைவிட்டு அழுகிவிடும். எல்லாக் காய்கனிக்கும் இந்தக் குணம் உண்டு. பின்னால் வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்லும்போது இதை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் கடையிலே பற்று எழுதி வாங்கிய சாமானும் அப்படித்தான். பர்மா அரிசி, பருப்பு, கருவாடு, நெத்திலி, டின் மீன். பாட்டிமார் வைத்த கருவாட்டுக் குழம்பின் ருசியைப் பற்றி இப்போது பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அவர்கள் கருவாட்டை ருசிக்காக மட்டும் வாங்கவில்லை. கடலிலிருந்து தள்ளியிருந்த லயத்து வீடுகளுக்குக் கெடாமல் வந்து சேரக்கூடிய மலிவான மீன் அதுதான்.

இனிக் குளிரின் கதைக்கு வருவோம். இதைத் தொடங்கி வைத்தவர் விஞ்ஞானி அல்லர், ஒரு வியாபாரி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து பிரடெரிக் டியூடர். அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை அறுத்து வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பி விற்கலாம் என்று இவருக்கு ஒரு யோசனை. 1806-இல் முதல் சரக்கை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியபோது ஊரே சிரித்தது. வாங்கியவர்களுக்கும் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. நட்டம், கடன், சிறை எல்லாம் பார்த்த பிறகுதான் அவருக்கு வழி பிறந்தது. மரத்தூளைப் பனிக்கட்டியைச் சுற்றி அடைத்தால் சூடு உள்ளே வருவது குறைகிறது என்று கண்டுகொண்டார்.

1833-ஆம் ஆண்டு மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து கிளம்பியது. பூமத்திய ரேகையை இருமுறை தாண்டி, நான்கு மாதம் கழித்து, செப்டம்பரில் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. அப்போதும் சுமார் 100 டன் மிச்சமிருந்தது! மாணவர்களே, இது மாயமில்லை. ஒரு கிலோ பனிக்கட்டி உருகித் தண்ணீராக மாறுவதற்கு ஆகும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யம் பாகையிலிருந்து 80 பாகைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்துக்குச் சமம். அத்தனை சூட்டையும் விழுங்கிக்கொண்டுதான் அது உருகுகிறது. அதனாலே மெதுவாக உருகுகிறது.

சென்னைக்கும் இந்தச் சரக்கு வந்தது. கடற்கரையிலே அதை வைப்பதற்கென்று 1842-இல் வட்ட வடிவமாக ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அதுதான் 'ஐஸ் ஹவுஸ்'. பின்னாளில் இயந்திரத்திலே ஐஸ் செய்யும் வசதி வந்ததும் அமெரிக்கப் பனிக்கட்டி வியாபாரம் படுத்தது, கட்டடம் கைமாறியது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் சென்னைக்கு வந்தபோது அங்கேதான் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். சென்னைக்குச் சுற்றுலா போகிறவர்கள் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். அதன் சுவருக்குள்ளே ஒரு காலத்தில் பாஸ்டன் ஏரித் தண்ணீர் உறைந்து கிடந்தது என்பது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரிலும் 1854-இல் வாம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே என்ற சீன வணிகர் ஒரு ஐஸ் கிடங்கு நடத்திப் பார்த்தார். அந்த வியாபாரம் நெடுநாள் நிலைக்கவில்லை.

ஆனால் பாருங்கள், இதெல்லாம் பணக்காரர்களின் குடிநீருக்குத்தான். பனிக்கட்டியை நம்பி ஆட்டுக்கறியை மூன்று மாதக் கடற்பயணத்துக்கு அனுப்ப முடியாது. கறியை உறைய வைக்க வேண்டும். உறைந்ததை உறைந்தபடியே வைத்திருக்க வேண்டும். அதற்குக் கப்பலிலேயே ஒரு இயந்திரம் ஓட வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர் பெருகினார்கள், கறி போதவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆடு மலிந்து கிடந்தது; ரோமத்தை வெட்டிக்கொண்டு உடலைக் காய்ச்சிக் கொழுப்பு எடுத்தார்கள். ஒரு பக்கம் பசி, மறுபக்கம் வீண். நடுவிலே வெப்ப மண்டலக் கடல். இதைத் தாண்டப் பலர் முயன்றார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் 1873-இல் 'நார்போக்' கப்பலில் அனுப்பிய கறி வழியிலேயே கெட்டது. பிரான்சின் சார்ல்ஸ் டெலியே 1876-இல் 'பிரிகோரிபிக்' என்ற கப்பலைத் தென்னமெரிக்காவுக்கு அனுப்பினார். 1880 பிப்ரவரியில் 'ஸ்ட்ராத்லெவன்' என்ற நீராவிக் கப்பல் ஆஸ்திரேலியக் கறியோடு இலண்டன் சேர்ந்து, முடியும் என்று காட்டியது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த கப்பல் 'டனீடன்'. அது பாய்மரக் கப்பல். காற்றிலே ஓடும் கப்பலில், கறியைக் குளிர வைக்க மட்டும் நிலக்கரி எரிக்கும் இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். அந்த இயந்திரத்தின் தத்துவத்தை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பைத் தொட்டுப் பாருங்கள், சுடும். டயரிலிருந்து காற்றை விடும்போது வால்வு முனையிலே விரலை வையுங்கள், சில்லென்று இருக்கும். காற்றை அமுக்கினால் சூடாகிறது; அந்தச் சூட்டைக் கடல் தண்ணீராலே ஆற்றிவிட்டு, பிறகு காற்றை விரிய விட்டால் கடுங்குளிர். அவ்வளவுதான்.

1881 டிசம்பரில் ஆடுகளை ஏற்றத் தொடங்கினார்கள். பாதியிலே இயந்திரத்தின் தண்டு உடைந்தது. ஏற்றிய கறியை எல்லாம் இறக்கி உள்ளூரிலேயே விற்றுவிட்டு, பழுதுபார்த்து மறுபடி ஏற்றினார்கள். கடைசியாக 1882 பிப்ரவரி 15-இல் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. சுமார் 5,000 ஆட்டு உடல்கள் உள்ளே. புகைபோக்கியிலிருந்து பறந்த பொறிகள் பாயிலே பட்டுத் தீப்பிடித்ததும் உண்டு. வெப்ப மண்டலத்துக்குள் நுழைந்தபோது காற்று அடங்கிக் கப்பல் அசையாமல் நின்றது. உள்ளேயும் குளிர்காற்று எல்லா மூலைக்கும் போகவில்லை. கப்பல் தலைவர் விட்சன் என்ன செய்தார் தெரியுமா? குளிர்காற்று வரும் குழாய்க்குள் தாமே தவழ்ந்து போய், இரம்பத்தாலே கூடுதல் துளைகள் அறுத்தார். அறுத்து முடிப்பதற்குள் கை கால் விறைத்துப் போனது. உதவியாளர் அவர் காலிலே கயிறு கட்டி வெளியே இழுத்துப் போட்டிருக்காவிட்டால், அவரும் அந்த ஆடுகளோடு ஆடாக இலண்டன் போயிருப்பார்.

98 நாள் கழித்து மே 24-இல் கப்பல் இலண்டன் சேர்ந்தது. அத்தனை ஆட்டிலும் கெட்டுப்போனது என்று தள்ளப்பட்டது ஒன்றே ஒன்று. அன்றைக்குத் தொடங்கிய ஏற்றுமதிதான் நியூசிலாந்தை இன்றைய நியூசிலாந்தாக ஆக்கியது. பாவம், டனீடன் கப்பல் மட்டும் 1890-இல் கடலில் காணாமலே போய்விட்டது.

மலாயாவுக்கு இந்தக் குளிர் எப்போது வந்தது? 1903-இல் சிங்கப்பூர் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த கறியைக் கப்பலில் தருவித்தார்கள், வெண்ணெயும் வந்தது. யாருக்காக? பெரும்பாலும் ஐரோப்பியருக்காகத்தான். ஆகவே ஒரே தோட்டத்திலே இரண்டு காலம் அருகருகே இருந்தது. துரை பங்களாவின் மேசையிலே ஆஸ்திரேலிய ஆட்டுக்கறி, லயத்திலே கருவாடு. இரண்டும் கப்பலில் வந்தவைதான். ஒன்று இயந்திரத்தின் புண்ணியத்திலே, மற்றது உப்பின் புண்ணியத்திலே. அந்த ஆட்டுக்கறிக்குக் கூலி கொடுத்த பணம் எந்த மரத்திலே வடிந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

பிறகு 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வந்தது. கப்பல் நின்றது. பர்மா அரிசியும் நின்றது. மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று பிழைத்த கதையைப் பெரியவர்கள் எத்தனையோ முறை சொல்லியிருப்பார்கள். கடலை நம்பிச் சாப்பிடும் நாட்டிலே கப்பல் வராவிட்டால் பங்களாவும் லயமும் ஒன்றுதான் என்று அந்த மூன்றரை ஆண்டு காட்டிவிட்டது. துரைமார் சிறைமுகாமிலே இருந்தார்கள். நம்மவர்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.

போருக்கு முன்னும் பின்னும் அமெரிக்காவிலே இரண்டு பேர் செய்த வேலைதான் இன்று சாலையிலே போகும் அந்த வெள்ளைப் பெட்டிக்கு வித்து. முதலாமவர் பிரடெரிக் ஜோன்ஸ். 1893-இல் பிறந்த கறுப்பின அமெரிக்கர். சின்ன வயதிலே பெற்றோரை இழந்து ஒரு பாதிரியாரிடம் வளர்ந்தார். ஆறாம் வகுப்புக்கு மேலே பள்ளிப்படிப்பு இல்லை. பட்டறையிலே வேலை செய்துகொண்டே புத்தகம் வாங்கிப் படித்து இயந்திரம் கற்றவர். லோரியிலே போகும் சரக்கு வழியிலே கெட்டுப்போகிறதே என்று, 1938 வாக்கில் லோரியிலே பொருத்தும் குளிரூட்டி இயந்திரத்தை உருவாக்கினார். நிலைத்த இடத்திலே ஓடும் இயந்திரம் வேறு, குண்டும் குழியுமான சாலையிலே குலுங்கிக்கொண்டே ஓடும் இயந்திரம் வேறு. குலுக்கலைத் தாங்கும்படி செய்ததுதான் அவர் சாமர்த்தியம். போர்க்காலத்திலே இரத்தமும் மருந்தும் உணவும் அவருடைய இயந்திரங்களால் கெடாமல் போயின. 1961-இல் இறந்தார். முப்பது ஆண்டு கழித்து, 1991-இல்தான் அமெரிக்க அரசு அவருக்குத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தது. ஆறாம் வகுப்போடு நின்றவர் என்பதற்காகப் படிப்பை விட்டுவிடலாம் என்று எந்தப் பையனும் நினைக்க வேண்டாம்! அவர் பள்ளியை விட்டாரே தவிரப் புத்தகத்தை விடவில்லை.

இரண்டாமவர் மால்கம் மெக்லீன், லோரி முதலாளி. துறைமுகத்திலே மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றுவதிலே வீணாகும் நேரத்தைப் பார்த்து, பெட்டியோடு தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று கேட்டார். 1956 ஏப்ரல் 26-இல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு புறப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியிலேதான் நம் பினாங்குத் துறைமுக ஆணையமும் அமைந்தது என்பது ஒரு பொருத்தம். அதற்கு முன் நெடுங்காலம், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து தொங்கானிலே இறக்கி, தோளிலே சுமந்து கரையேற்றுவதுதான் பினாங்கிலே பெருவேலை. அந்தத் தோள்களிலே தமிழ் முஸ்லிம்களின் தோள்கள் நிறைய. பெட்டி வந்ததும் அந்த வேலை போனது. சரக்குக்கு நன்மை, தோளுக்குப் பிழைப்பு போச்சு. இரண்டையும் சேர்த்துத்தான் சரித்திரத்தில் எழுத வேண்டும்.

உறையும் சரக்குக்குப் பெட்டியாலே வந்த நன்மை பெரிது. முன்பு கிடங்கிலிருந்து லோரிக்கு, லோரியிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து மறுபடி லோரிக்கு என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் வெயில் பட்டது. இப்போது ஆலையிலே பூட்டிய கதவு போய்ச் சேரும் ஊரிலேதான் திறக்கிறது. பெட்டியின் இயந்திரம் லோரியிலே டீசல் மின்னாக்கியால் ஓடும். துறைமுகத்திலும் கப்பலிலும் மின்சார இணைப்பைச் சொருகிவிடுவார்கள். குளிர்காற்று தரையிலுள்ள பள்ளங்கள் வழியாக ஓடி, சரக்கினூடே மேலேறி, கூரையோரமாகத் திரும்பி இயந்திரத்துக்கு வரும். கூரை வரை அடைத்து ஏற்றினால் காற்று திரும்ப வழியிருக்காது. அதற்காகவே உள்சுவரிலே ஒரு கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி அடுக்கக் கூடாது.

பலர் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி பொருளை உறைய வைப்பதற்காகச் செய்ததல்ல. ஏற்கெனவே உறைந்ததை அப்படியே காப்பதற்குத்தான். பச்சைக்கறியைச் சூட்டோடு ஏற்றினால் பெட்டி என்ன பாடுபட்டாலும் வேகமாகக் குளிராது, நடுப்பகுதி கெட்டுவிடும். உறைய வைக்கும் வேலை கரையிலேயே, வேகமாக நடக்க வேண்டும். ஏன் வேகம்? மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பனிப்படிகங்கள் ஊசி ஊசியாக வளர்ந்து தசையைக் கிழித்துவிடும். பிறகு இளகும்போது சாறெல்லாம் ஒழுகிச் சக்கை மிஞ்சும். வேகமாக உறைந்தால் படிகம் பொடியாக இருக்கும். கனடாவின் லாப்ரடாரில் பூர்வகுடி மக்கள் கடுங்குளிர்க் காற்றிலே மீனை நொடியில் உறைய வைப்பதைப் பார்த்து, கிளாரன்ஸ் பேர்ட்சை என்பவர் 1920-களில் அதை ஆலைத் தொழிலாக ஆக்கினார்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்கு உண்டு. உறைந்த கறிக்கும் மீனுக்கும் பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகை. இது பாரன்ஹீட் அளவிலே பூஜ்யம். அமெரிக்கக்காரர்கள் போட்ட வட்டமான எண் உலகத்துக்கே விதியாகிவிட்டது. ஆப்பிளுக்குப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலே. வாழைப்பழத்துக்கு 13 பாகை. அதற்குக் கீழே போனால் தோல் கறுத்து, பிறகு ஒழுங்காகப் பழுக்காது. வாழைப்பழத்தை ஐஸ் பெட்டியிலே வைத்துக் கறுக்க விட்டவர்களுக்கு இது புரியும். பழமும் வெங்காயத்தைப் போல மூச்சு விடுகிறது அல்லவா? ஆகவே பெட்டியிலே புதுக்காற்று போகத் திறப்பும் வைத்திருக்கிறார்கள்.

இந்த இயந்திரங்களிலே ஓடிய வாயு ஒரு கேடும் செய்தது. வானத்தில் உள்ள ஓசோன் படலத்தை அது அரிக்கிறது என்று 1974-இல் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987-இல் மான்ட்ரியல் உடன்பாட்டின்படி அந்த வகை வாயுக்களைப் படிப்படியாக விட்டார்கள்.

இப்போது நாம் கப்பலேறிய நாகப்பட்டினத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. 1953-இல் கொச்சியிலிருந்து 13 டன் உறைந்த இறால் அமெரிக்காவுக்குப் போனது. இந்தியாவின் உறைந்த இறால் ஏற்றுமதிக்கு அதுவே பிள்ளையார் சுழி. இன்று இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதியிலே முதலிடம் உறைந்த இறாலுக்குத்தான். தூத்துக்குடியிலிருந்தும் போகிறது, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி. பெயரை இன்று தாங்கி நிற்கும் துறைமுகம் அது. பெருமைப்படலாம். ஆனால் 1990-களின் தொடக்கத்தில் நாகைக் கடலோரத்திலே நடந்ததையும் சொல்ல வேண்டும்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இறாலுக்கு நல்ல விலை. அனுப்பக் குளிர்ப்பெட்டி இருக்கிறது. பிறகென்ன? கம்பெனிகள் வந்து கடலோர நெல்வயலை வாங்கிக் குளம் வெட்டி உப்புத் தண்ணீர் பாய்ச்சின. பக்கத்து வயலிலே உப்பு ஏறியது. கிணற்றுத் தண்ணீர் கரித்தது. நடவு நட்டு, களை பறித்து, அறுப்பு அறுத்த கூலிப்பெண்களுக்கு வேலை போனது. இறால் குளத்துக்கு ஆள் அதிகம் தேவையில்லை. அந்த ஏழைகளுக்காகச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் சத்தியாகிரகம் செய்தார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வேண்டும் என்று. ஆனால் 2005-இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்புச் சட்டம் உரிமத்தோடு பண்ணைகளுக்கு மறுபடி வழி விட்டது. வழக்கிலே வென்றும் முழுதாக வெல்லவில்லை. நம் மூதாதையர் வயலிலே வேலையில்லாமல் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுவந்த வயல்களிலே சில, இறாலாக மாறிக் கப்பலேறின. இந்த இரண்டையும் பக்கத்திலே வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் கொஞ்சம் கனக்கிறது.

நம் நாட்டிலிருந்தும் பலவும் போகின்றன. டுரியான் சுளை 2011-லிருந்து சீனாவுக்கு உறைந்து போகிறது. 2019-லிருந்து முள்ளோடு முழுப் பழத்தையே உறைய வைத்து அனுப்புகிறார்கள். நைட்ரஜன் திரவத்தின் குளிரிலே வேகமாக உறைய வைத்தால், இளகிய பிறகும் வாசனை நிற்கிறது. பச்சைப் பழத்துக்கு 2024-இல் அனுமதி கிடைத்தது. அது விமானத்திலே பறக்கிறது. அதைவிட எனக்கு வேடிக்கையாக இருப்பது நம்ம ரொட்டி சானாய். சிலாங்கூரிலுள்ள கவான் நிறுவனம் அதை உறைய வைத்துக் கப்பலேற்றுகிறது. அமெரிக்காவிலே இருக்கும் ஒருவர் உறைந்த பரோட்டாவைக் கல்லிலே போட்டுச் சுட்டுத் தின்கிறார். மாவைப் பிசைந்து வீசும் நம் கடைக்காரர் கையை அவர் பார்த்ததில்லை.

தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. பசாரிலே உறைந்த கறியோ மீனோ வாங்கும்போது பொட்டலத்துக்குள்ளே பெரிய பனிக்கட்டித் துண்டுகளும், உறைந்த சிவப்பு நீரும் இருந்தால், வழியிலே எங்கேயோ ஒரு முறை இளகி மறுபடி உறைந்திருக்கலாம். ஆயிரம் மைல் காப்பாற்றி வந்ததைக் கடைசி ஐந்து மைலிலே கெடுப்பது உண்டு. வாங்கியதைச் சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டு போங்கள். காலையிலே எடுத்துத் தொட்டித் தண்ணீரிலே போட்டுவிட்டுப் பால் மரத்துக்கோ ஆலைக்கோ போய்விட வேண்டாம். முதல் நாள் இரவே ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டிலே வைத்தால் மெதுவாக இளகும். இளகியதை அப்படியே மறுபடி உறைய வைக்காதீர்கள்.

தகப்பன்மார்களுக்கும், பெரிய பிள்ளைகளுக்கும் ஒன்று. நம் தோட்டத்திலிருந்து போனவர்கள் சிலர் துறைமுகத்திலும் குளிர்கிடங்குகளிலும் வேலை செய்கிறார்கள். வெளியே 33 பாகை வெயில், உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே 18. ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தக் கதவைத் தாண்டுகிறார்கள்! ஒரு கிடங்கிலே குளிர்ச்சட்டைக்கும் காலணிக்கும் சம்பளத்திலே பிடித்தார்கள் என்று ஒரு மாணவனின் தந்தை என்னிடம் சொன்னார். பாதுகாப்புக்குக் கொடுக்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்கவும் தயங்க வேண்டாம்.

படிப்பு முடித்து என்ன செய்வது என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு, குளிரூட்டும் இயந்திரத் தொழிலுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வகுப்பு இருக்கிறது; மலேசியத் திறன் சான்றிதழும் உண்டு. பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்திலே வெள்ளைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் வரிசைகளிலே இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். மழை பெய்தாலும் ஒருவர் பெட்டி பெட்டியாகப் போய், மின்சார இணைப்பு சரியாக இருக்கிறதா, காட்டியிலே எத்தனை பாகை என்று பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்வார். விட்சன் இரம்பத்தோடு தவழ்ந்து போய்ச் செய்த வேலையின் மறுபாதி அது.